சோஃபி வழக்கும் எலைன் வழக்கும்: கார்டா எதில் தேறியது?

அயர்லாந்து போலீஸுக்குப் பெயர் கார்டா. அவர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே இந்த இரண்டு கொலைகளையும் அருகருகே வைத்துத்தான் பார்ப்பேன்.

முதலாவது 1996. மேற்கு கார்க்கில் ஸ்கல் ஊருக்கு அருகே விடுமுறை வீடு வைத்திருந்த பிரெஞ்சுத் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் சோஃபி டொஸ்கான் டு பிளான்டியே, டிசம்பர் 23 காலையில் வீட்டுப் பாதையோரம் அடித்துக் கொல்லப்பட்டுக் கிடந்தார். அரசுப் பிரேதப் பரிசோதனை மருத்துவர் வந்து சேர்ந்தது மறுநாள். அதுவரை, ஒரு முழு ராத்திரி, டிசம்பர் குளிரில் உடல் வெட்டவெளியில். எத்தனை மணிக்கு இறந்தார் என்று அப்புறம் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நேரம் தெரியாமல் ‘அப்போது நான் அங்கே இல்லை’ என்பவரை எப்படி மடக்குவது? ரத்தக்கறை படிந்த இரும்பு கேட்டைக் கழற்றிக்கொண்டு போனார்கள், அதையும் தொலைத்தார்கள். பேனா தொலையலாம், கேட் எப்படி ஐயா தொலையும்?

சந்தேகம் விழுந்தது அங்கே வசித்த ஆங்கிலேயப் பத்திரிகையாளர் இயன் பெய்லி மேல். இரண்டு முறை கைது செய்தார்கள், அயர்லாந்தில் ஒருமுறைகூட வழக்குத் தொடரவில்லை. முக்கியச் சாட்சி 2005இல் பல்டி அடித்தார். 2019இல் பாரிஸ் நீதிமன்றம் பெய்லி இல்லாமலேயே விசாரித்து 25 வருடம் கொடுத்தது, அயர்லாந்து அவரை அனுப்ப மறுத்தது, நான் செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டே 2024இல் இறந்தும் போனார்.

அடுத்தது எலைன் ஓ'ஹாரா. 2012 ஆகஸ்டில் டப்ளினில் மனநல மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய அன்றே காணாமல் போனவர்; தற்கொலையாக இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள். அந்த அவசர முடிவுக்கு கார்டாவுக்கு மார்க் குறைக்கத்தான் வேண்டும். ஒரு வருடம் கழித்து, வெயில் கொளுத்திய 2013 கோடையில், விக்லோவின் வார்ட்ரி நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கியது. கைவிலங்கும் கயிறும் கண்ணில் பட்ட சிலர் எடுத்துப் போய் ரவுண்ட்வுட் காவல் நிலையத்தில் கொடுத்தார்கள். யாரோ போட்ட குப்பை என்று மூலையில் தள்ளியிருக்கலாம். அங்கிருந்த காவலர் ஒருவர் மறுபடி மறுபடி போய்த் தேடினார். சாவிக்கொத்து ஒன்று கிடைத்தது, அதில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் வாடிக்கையாளர் அட்டை. கடையில் விசாரித்தால் எலைன் பெயர். கிட்டத்தட்ட அதே நாட்களில் கில்லகீ மலைக்காட்டில் அவருடைய எலும்புகளும் கிடைத்தன.

தண்ணீரில் கிடந்த போன்கள் மீதியைச் சொல்லின. எலைனுக்கு வந்த குறுஞ்செய்திகளில் அனுப்பியவர் பெயர் இல்லை. ஆனால் சம்பளத்தில் 15 சதவீத வெட்டு, மாதிரி விமானப் போட்டியில் ஐந்தாவது இடம் என்று எழுதிய ஆளைத் தேடிப் போனால் கிரஹாம் டுவையர் என்ற கட்டடக் கலைஞர். எலைன் எப்படி இறந்தார் என்று எலும்புகளிலிருந்து கண்டுபிடிக்கவே முடியாத நிலையிலும் 2015இல் கொலைக் குற்றம் நிரூபணமானது. போன் தரவு எடுத்த சட்டமே தப்பு என்று ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய்ச் சாதகமான தீர்ப்பு வாங்கியும், 2024இல் மேல்முறையீட்டில் தோற்றார்.

எலைன் வழக்கு வெறும் அதிர்ஷ்டம் என்பார்கள். சரி, தண்ணீர் இறங்கியது அதிர்ஷ்டம்தான். ஸ்கல்லில் அன்று காலையிலேயே பக்கத்து வீட்டுக்காரர் உடலைப் பார்த்துச் சொன்னாரே, அது மட்டும் என்னவாம்?