தேர்வு மாதத்தில் தங்கிய வீடு: கொடைக்கானல், நாயுடுபுரம்

கொடைக்கானலில் விடுதியில் தங்கிப் படித்த என் மகனின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்காகக் கடந்த மார்ச்சில் 26 நாட்கள் நாயுடுபுரத்தில் ஒரு விருந்தினர் இல்லத்தில் அவனோடு தங்கினேன். வெளிநாட்டிலும் வடமாநிலங்களிலும் கிறிஸ்தவ ஊழியம் செய்யும் குடும்பங்களுக்காக, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் நடத்தும் வீடு அது. ஆறே அறைகள். சுற்றுலாப் பயணிகள் கேட்டு வந்தால் மறுக்கச் சங்கடமாக இருக்கிறது, பெயரைப் போட வேண்டாம் என்றார்கள். பணித்தளத்தில் இருப்பவர்கள் தங்கள் சபைப் போதகரிடம் விசாரித்தால் தெரிந்துவிடும்.

நானும் கணவரும் பதினான்கு ஆண்டுகளாக ஆப்பிரிக்க நாடான மலாவியில் இருக்கிறோம். நான் ஒரு மிஷன் மருத்துவமனையில் செவிலியர். மகன் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியபோது என்னால் வர முடியவில்லை. மலாவியின் நேரம் நம்முடையதைவிட மூன்றரை மணி பிந்தியது. இங்கே 10 மணிக்கு வினாத்தாள் கொடுத்தால் அங்கே 6.30. மழைக்காலம் முடியும் நேரம் என்பதால் மலேரியா கண்ட குழந்தைகள் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர், மூன்று பேராகக் கிடப்பார்கள். இரவுப் பணியை ஒப்படைத்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்ப்பேன். இப்போது வினாத்தாளை வாசிக்கிறான், இப்போது விவரங்களை நிரப்புகிறான், 10.15, எழுதத் தொடங்கியிருப்பான் என்று ஒவ்வொன்றுக்கும் ஜெபித்தேன். கணிதத் தேர்வன்று ஒரு குழந்தைக்கு இரத்தம் ஏற்ற நரம்பு கிடைக்காமல் போராடியதில் மகனை முற்றிலும் மறந்துபோனேன். அதற்காகப் பல நாள் அழுதிருக்கிறேன்.

அந்த முறை என் அக்காள் அவனை வேறோர் ஊரில் ஒரு ஜெப வீட்டில் தங்க வைத்திருந்தாள். நல்ல நோக்கத்தோடு நடத்துபவர்கள்தான். ஆனால் தேர்வுக்கு முந்தின இரவு 10 மணி வரை ஒலிபெருக்கியில் ஜெபம் நடந்தது. பிள்ளையின் தலையில் கைவைத்து, "மாநிலத்தில் முதல் மாணவன்" என்று எல்லோர் முன்னாலும் அறிவித்தார்கள். அவன் அன்றிரவு தூங்கவில்லை. முதல் மாணவனாக வராவிட்டால் ஆண்டவரைப் பொய்யாக்கிவிடுவோமோ என்று பதினைந்து வயதுப் பையன் பயந்திருக்கிறான். இதை என்னிடம் சொல்லவே அவனுக்கு ஒரு வருடம் ஆயிற்று.

ஆகவே நாயுடுபுரத்து வீட்டில் நான் முதலில் கவனித்தது ஜெபத்தைத்தான். மாலை ஏழு மணிக்குப் பதினைந்து நிமிடம், அவ்வளவே. எங்களோடு தேர்வு எழுதும் பிள்ளைகள் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். ஆசிரியர் ஐயா ஒவ்வொருவரிடமும், "நாளைக்கு எதை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது, தம்பி?" என்று கேட்பார். கணிதத்துக்கு முந்தின மாலை என் மகன், "தொகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள், ஐயா. படம் வரைந்தாலே குழம்பிவிடுகிறது" என்றான். ஐயா அந்தப் பாடத்தின் பெயரையே சொல்லி ஜெபித்தார். படித்தது நினைவுக்கு வர வேண்டும், வராத கேள்வியில் பதறி நிற்காமல் அடுத்ததற்குப் போகும் தெளிவு வேண்டும் என்று கேட்டார். பிறகு மேல்மலைக் கிராமங்களிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வரும் பிள்ளைகளுக்காகவும், அறைக் கண்காணிப்பாளர்களுக்காகவும், மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்காகவும் ஜெபித்தார். மதிப்பெண்ணைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒன்பதரைக்குக் கூடத்து விளக்கை அணைத்துவிடுவார்கள். என் பிள்ளை குறட்டை விடும் ஓசையைப் பக்கத்துக் கட்டிலில் கேட்டுக்கொண்டு நான் வெகுநேரம் விழித்திருந்தேன்.

காலையில் ஐயா தேர்வு மையம் வரை பிள்ளைகளோடு நடப்பார். இருபது நிமிட நடை. ஆங்கிலத் தேர்வன்று சந்து முனையில் ஒரு காட்டெருமை அசையாமல் நின்றது. இந்த ஊரில் அது புதிதல்ல. ஐயா பிள்ளைகளைத் திருப்பி, கீழ்வீட்டுக்காரர் தோட்டத்து வழியாக அழைத்துப் போனார். அந்த வீட்டுக் கதவு இதற்காகவே மார்ச் முழுவதும் பூட்டாமல் இருக்குமாம்.

சாப்பாடு எளிமையானது, சூடானது. வீட்டு அம்மா (ஐயாவின் மனைவி) வைக்கும் மலைப்பூண்டுக் குழம்பை மறக்க முடியாது. பத்து வயது வரை மலாவியில் வளர்ந்தவன் என் மகன். மக்காச்சோள மாவில் நம் களிபோலக் கிண்டும் நிசிமாதான் அவனுக்கு வீட்டுச் சாப்பாடு. பேச்சுவாக்கில் நான் சொன்னதை நினைவில் வைத்து, கணிதத் தேர்வு முடிந்த இரவு அம்மா மக்காச்சோள மாவு வாங்கிவரச் செய்து, கிண்டும் பக்குவத்தை என்னிடம் கேட்டுச் செய்து, கீரையோடு பரிமாறினார்கள். அவன் மூன்று உருண்டை சாப்பிட்டான்.

குறைகளும் உண்டு. மேசை விளக்கு மிக மங்கல். வெந்நீர் காலை ஆறு முதல் ஏழு வரைதான். வாசல் படிக்கட்டு செங்குத்து. முழங்கால் வலி உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். என் அறையில் கைப்பேசித் தொடர்பே கிடைக்கவில்லை. மலாவியில் இருக்கும் கணவரோடு பேசத் தெருமுனைக்கு வர வேண்டியிருந்தது. மலாவியில் மின்சாரம் போய்விட்டால் அதுவும் இல்லை.

கூடத்துச் சுவரில் பழைய புகைப்படம் ஒன்று இருக்கிறது. நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, அவரைத் தோளில் சுமந்து மலையேறும் ஆட்கள். மோட்டார் சாலை வருவதற்கு முன் மலையடிவாரத்துக் கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பிலிருந்து இப்படித்தான் ஏறினார்கள். மதுரைச் சமவெளியில் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் உறவுகளைப் பறிகொடுத்த அமெரிக்க மிஷனரிகள் 1845இல் இங்கே முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். 1901இல் மிஷனரிகளின் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி தொடங்கியது. பிள்ளைகளை மேலே விட்டுவிட்டுத் தாய்மார் கீழே இறங்கிப் போனார்கள். அந்தப் படத்தின் முன் நான் பலமுறை நின்றேன். சுமந்தவர்களின் முகங்கள்தான் அதில் தெளிவாக இருக்கின்றன; அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்திருப்பார்கள்.

மதிப்பெண் என்ன என்று கேட்பீர்கள். கணிதத்தில் 78. ஓர் ஐந்து மதிப்பெண் கேள்வியை விட்டுவிட்டு மேலே போனதாகவும், கடைசி இருபது நிமிடத்தில் திரும்பி வந்து பாதி எழுதியதாகவும் சொன்னான். படம் சரியாக வந்ததாம்.

போகிறவர்களுக்குச் சில செய்திகள். அறைக்கு ஒரு நாளைக்கு 500 ரூபாய், சாப்பாடு தனி. கொடுக்க முடியாதவர்களிடம் கேட்பதில்லை. சொந்த வண்டியில் வந்தால் இ-பாஸ் எடுக்க வேண்டும். வத்தலக்குண்டிலிருந்து அரசு பஸ்ஸில் வந்தால் அந்தத் தொல்லை இல்லை. கம்பளி அவர்களே தருகிறார்கள். மார்ச் மாத இடத்துக்கு ஜனவரியிலேயே கேட்டுவிடுங்கள். நல்ல மேசை விளக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள். நான் வாங்கிய விளக்கை இரண்டாம் எண் அறையில் விட்டு வந்திருக்கிறேன்.