ஐந்து நிமிட மேடைக்கு எந்தக் கிளிக்கர்? லாஜிடெக் ஆர்400, ஆர்800, ஸ்பாட்லைட்

தொழில் யோசனையை முதலீட்டாளர் முன் சொல்லப் போகிறவர்கள், கையில் இருந்தபடியே ஸ்லைடை நகர்த்தும் கிளிக்கர் வாங்கும்போது முதலில் லேசரைத்தான் அடித்துப் பார்க்கிறார்கள். மேடையில் அதிகம் உதவாதது அதுதான். லேசர் காட்டத் திரும்பினால் நடுவர்களுக்கு உங்கள் முதுகுதான் தெரியும். கை லேசாக நடுங்கினாலும் திரையில் அந்தப் புள்ளி கூத்தாடும். எல்இடி சுவர் வைத்த அரங்கில் ஆர்400-இன் சிவப்புப் புள்ளி கண்ணில் படுவதே கஷ்டம். ஆர்800-இன் பச்சை பரவாயில்லை, ஆனாலும் மங்கல்தான்.

பணம் கொடுக்க வேண்டியது திரையை இருட்டாக்கும் பொத்தானுக்கு. ஆர்400-இல் அது வலப்பக்க அம்புக்குறிக்குக் கீழே இருக்கிறது. திரையில் எழுத்து இருக்கும்வரை எதிரே இருப்பவர் அதைப் படித்துக்கொண்டிருப்பார், உங்கள் பேச்சு காதில் ஏறாது. இருட்டாக்கியதும் கண்கள் தானாக உங்கள் முகத்துக்கு வரும். தொடக்கத்தில் வாடிக்கையாளரின் சிக்கலைச் சொல்லும் 20 விநாடிக்கும், கடைசியில் "எங்களுக்கு 25 லட்சம் தேவை, 18 மாதத்துக்கு" என்று கேட்கும் இடத்துக்கும் இது போதும். நாலைந்து முறை அணைத்து அணைத்துப் போட்டால் புரொஜெக்டர் பழுது என்று நினைத்துவிடுவார்கள்.

இந்தப் பொத்தான் கணினிக்கு அனுப்புவது வெறும் முற்றுப்புள்ளி விசையை. பவர்பாயிண்டிலும் கூகுள் ஸ்லைட்ஸிலும் அது வேலை செய்யும். பிடிஎஃப் கோப்பில் ஒன்றும் நடக்காது. பிடிஎஃப் மட்டும் கேட்கும் போட்டி என்றால், வேண்டிய இடத்தில் முழுக் கறுப்புப் பக்கம் ஒன்றைச் செருகிவிடுங்கள்.

பக்கத்திலேயே ஒரு வில்லங்கமும் உண்டு. இடப்பக்க அம்புக்குறிக்குக் கீழே இருப்பது காட்சியைத் தொடங்கும், முடிக்கும் பொத்தான். பதற்றத்தில் கட்டைவிரல் அதில் பட்டால் காட்சி மூடி, ஸ்லைடு திருத்தும் பக்கம் எல்லார் முன்னாலும் விரியும். கூகுள் ஸ்லைட்ஸில் தொடங்குவதற்கு அதை அழுத்தினால் உலாவி பக்கத்தை ரீலோட் செய்யும். ஆகவே காட்சியை விசைப்பலகையில் தொடங்கிவிட்டு, அந்தப் பொத்தான் மேல் சின்ன செல்லோ டேப் துண்டை ஒட்டுங்கள். விரல் தடவியதுமே தெரிந்துவிடும்.

ஆர்800-க்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு அதிரும் கடிகாரத்துக்கு. 5, 2, 0 நிமிடம் மிச்சம் இருக்கும்போது கைக்குள் அதிரும், வேறு யாருக்கும் தெரியாது. ஐந்து நிமிடப் பேச்சில் அந்த 2 நிமிட அதிர்வு வரும்போது சிக்கல், தீர்வு, வருமானம் மூன்றும் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லையா, சந்தை அளவைத் தாண்டி நேரே குழுவுக்கும் கேட்கும் தொகைக்கும் போங்கள். மூன்று நிமிட மேடையில் கடிகாரத்தை 4 என்று வைத்தால், சரியாக ஒரு நிமிடம் மிச்சம் இருக்கையில் அதிரும். கடிகாரத்தை நீங்களே ஓடவிட வேண்டும். மேடை ஏறும் அவசரத்தில் மறந்துபோவது இதுதான்.

ஸ்பாட்லைட் அழகான பொருள். ஒரு நிமிடம் சார்ஜ் போட்டால் மூன்று மணி நேரம் ஓடும் என்கிறது நிறுவனம். முதலில் வந்த மாடலில் லேசரே இல்லை. கணினித் திரையிலேயே வட்ட வெளிச்சம் போடும், அதனால் ஜூம் வழியாகப் பார்ப்பவருக்கும் தெரியும். ஆனால் வட்ட வெளிச்சம், அதிர்வு, திரையை இருட்டாக்குவது எல்லாமே லாஜிடெக் மென்பொருள் கணினியில் இருந்தால்தான். போட்டிகளில் பெரும்பாலும் ஏற்பாட்டாளரின் மடிக்கணினிதான் கிடைக்கும், அதில் எதையும் நிறுவ விடமாட்டார்கள். அங்கே இந்த விலை உயர்ந்த கிளிக்கர் பெரும்பாலும் முன்னே, பின்னே நகர்த்தத்தான் உதவும். சொந்தக் கணினியில் பேசுகிறவர்களுக்கு மட்டும் வாங்கலாம்.

ஆர்400 எட்டும் தூரம் 15 மீட்டர், மற்ற இரண்டும் 30. நடைமுறையில் தடுமாறுவது தூரத்தால் அல்ல, கணினியில் செருகும் சின்ன யுஎஸ்பி ரிசீவரை எங்கே செருகுகிறோம் என்பதால். யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க்குக்குப் பக்கத்துத் துளையில் செருகினால் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலில் இரைச்சல் ஏறி, இரண்டு மூன்று அழுத்தலுக்கு ஒரு ஸ்லைடு நகரும். பொறுமையிழந்து மறுபடி அழுத்தினால் இரண்டு ஸ்லைடு தாவிவிடும். அரை மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்பு ஒயர் போட்டு ரிசீவரைத் தள்ளி வையுங்கள். டைப்-சி துளை மட்டும் உள்ள மடிக்கணினிக்கு மாற்றியும், ஆர்400, ஆர்800 என்றால் இரண்டு புது ஏஏஏ பேட்டரியும் பையில் இருக்கட்டும்.

கல்லூரிப் போட்டிக்கும், புதுத் தொழில்களை வளர்த்துவிடும் இன்குபேட்டர் மையங்களின் நேர்காணலுக்கும் ஆர்400 தாராளம். நேரம் தாண்டிப் பேசும் பழக்கம் உள்ளவர் ஆர்800 வாங்கட்டும்.