முன்பின் தெரியாதவர் பின்னால் சைக்கிள்: ஒட்டிக்கொள்வதா, கேட்பதா, விலகுவதா?

எதிர்காற்றில் தனியாக மிதித்துக்கொண்டிருக்கும்போது நம்மைவிடக் கொஞ்சம் வேகமாக ஒருவர் முன்னால் போனால், அவர் பின்சக்கரத்தை ஒட்டியே ஓட்டச் சொல்லி மனசு நச்சரிக்கும். சமதரையில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் நம் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. இன்னொருவர் முதுகு மறைவில் நெருங்கி ஓட்டினால் அதில் கால் பங்குக்கு மேல்கூட மிச்சமாகும். ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் அவர் யாரென்றே தெரியாத நிலையில் என்ன செய்வது?

முதல் வழி, சத்தம் காட்டாமல் ஒட்டிக்கொள்வது. 'அவருக்கு என்ன நஷ்டம்?' என்பதுதான் இப்படிச் செய்பவர்களின் வாதம். கணக்குப்படி அது சரிதான். அவருக்கு ஒரு பைசா உழைப்பு கூடுவதில்லை. சொல்லப்போனால், பின்னால் ஒருவர் இருந்தால் முன்னவருக்கும் காற்றுத்தடை துளியளவு குறையும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நாம் பின்னால் இருப்பது தெரியாதவர் தனி ஆள் மாதிரியே ஓட்டுவார். பள்ளத்தைக் கடைசி நொடியில் விலக்குவார், சைகை காட்ட மாட்டார். திடீரென்று மிதிப்பதை நிறுத்தித் தண்ணீர் பாட்டிலை எடுப்பார். பக்கவாட்டில் துப்புவார். மேட்டில் சீட்டைவிட்டு எழுந்து மிதிப்பார். அந்த நொடியில் அவர் சைக்கிள் ஒரு சாண் பின்னுக்கு வருவதுபோல இருக்கும், நம் முன்சக்கரம் அங்கேதான் நிற்கும். சக்கரங்கள் உரசினால் முன்னவர் பெரும்பாலும் தப்பிவிடுவார். திசை திருப்பும் சக்கரம் சிக்கிக்கொள்வது நமக்குத்தான், விழுவதும் நாம்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. விடியற்காலையில் ஆளில்லாத சாலையில் தனியாகப் போகும் ஒரு பெண்ணுக்கு, பேசாமல் பின்னாலேயே வருகிறவர் காற்று மறைவு தேடி வந்த ஆளாகத் தெரிய மாட்டார். யாரோ பின்தொடர்கிறார் என்றுதான் தோன்றும். இந்த வழியை நான் ஒதுக்குவதற்கு இது ஒன்றே போதும்.

இரண்டாவது, கேட்டுவிட்டுப் போவது. பின்னாலிருந்து கத்தக் கூடாது, ஆள் திடுக்கிட்டு ஹேண்டிலைத் திருப்பிவிடுவார். பக்கத்தில் இடைவெளி விட்டு வந்து, "கொஞ்ச தூரம் உங்க பின்னாடி வரலாமா?" என்றால் முடிந்தது. காதில் ஹெட்போன், பதில் இல்லை என்றால் அதையும் மறுப்பாகவே எடுத்துக்கொள்ளலாம். இதை வெறும் மரியாதை என்று நினைக்கிறவர்கள் உண்டு. என் கணக்கில் இது பிரேக் மாதிரி ஒரு பாதுகாப்புச் சாதனம். சரி என்று சொன்ன நிமிடத்திலிருந்து அவர் இரண்டு பேருக்காக ஓட்டுவார், பள்ளத்தைக் கை நீட்டிக் காட்டுவார்.

ஆனால் 'சரி' சொன்னவருக்கெல்லாம் சீராக ஓட்டத் தெரியும் என்று சொல்ல முடியாது. ஒரு நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். நேர்கோட்டில் போகிறாரா, காரணமில்லாமல் பிரேக் பிடிக்கிறாரா? நன்றாக ஓட்டினாலும், பழகிய குழுவில் விடுவதுபோல ஒரு சக்கர அளவு இடைவெளி இங்கே போதாது. அவர் பலமாக அழுத்திப் பிரேக் பிடித்தால், நாம் உணர்ந்து விரலை மடக்கும் அரை நொடிக்குள் இடைவெளி அரை மீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். சைக்கிள் சக்கரத்தின் விட்டமே சுமார் 70 செ.மீ.தான். அதனால் ஒரு முழு சைக்கிள் நீளமாவது விடுங்கள். மறைவு கொஞ்சம் குறையும், போய்விடாது. கண் அவர் டயரில் ஒட்டக் கூடாது, தோளுக்கு மேலாகச் சாலையில் இருக்க வேண்டும். நம் முன்சக்கரம் அவர் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் ஏறவே கூடாது. ஏரோபாரில் (முன்கைகளை ஊன்றிக் குனிந்து ஓட்ட, ஹேண்டிலில் முன்னோக்கி நீட்டியிருக்கும் கம்பி) கை வைத்தபடி யார் பின்னாலும் போகாதீர்கள், பிரேக் எட்டாது.

முறை மாற்றி முன்னால் போக வேண்டுமா? முடிந்தால் கேளுங்கள், முடியாவிட்டால் அதைச் சொல்லிவிட்டால் போதும், பலரும் பொருட்படுத்துவதில்லை. எரிச்சல் கிளப்புவது வேறு: அவ்வளவு தூரம் மறைவில் வந்துவிட்டு, கடைசி ஏற்றத்தில் விர்ரென்று முந்திக் காட்டுவது. பிரியும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் நாம் இன்னும் பின்னால் இருப்பதாக நினைத்து ஓட்டிக்கொண்டிருப்பார்.

மூன்றாவது வழி, பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளியே வருவது அல்லது தயங்காமல் முந்திப் போய்விடுவது. டிராஃப்டிங் (இப்படி அடுத்தவர் மறைவில் ஓட்டுவது) கூடாது என்ற நெடுந்தூர டிரையத்லான்களில் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) பரவலாக உள்ள இடைவெளி விதியும் 12 மீட்டர்தான். காற்று மிச்சம் வெகுவாகக் குறைந்துவிடும். ஆனாலும் இறக்கம், ஈரச் சாலை, பக்கக் காற்று, சந்திப்பு நெருக்கடி என்று வந்தால் அனுமதி கையில் இருந்தாலும் இதற்குத்தான் என் ஓட்டு. மற்ற நேரங்களில் இரண்டாவதே.

ஒட்டிக்கொண்டு வருவது பிடிக்காத முன்னவராக நாமே இருந்தால்? பாடம் புகட்டப் பிரேக் பிடிப்பதுதான் இருப்பதிலேயே மோசம். கொஞ்சம் ஒதுங்கி, மிதிப்பதை மெல்லக் குறைத்து, முன்னால் போகச் சொல்லிக் கை காட்டுங்கள். அப்புறமும் நகரவில்லை என்றால், கை காட்டிவிட்டு ஓரமாக நிறுத்தித் தண்ணீர் குடிக்கலாம்.