அரிசியைக் குறைத்த வீட்டுக்கு ஒரு மாடித்தோட்டம்: சில வருட அனுபவம்

மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடும் வீட்டில் காய்கறிதான் சாப்பாடு. தொட்டுக்கொள்ள ஏதோ ஒன்று என்ற காலம் போய்விடுகிறது. சோறு இருந்தபோது எங்கள் இரண்டு பேருக்குக் கால் கிலோ வெண்டைக்காய்ப் பொரியல் தாராளமாகக் காணும். இப்போது ஒரு வேளைக்கே ஆளுக்குக் கால் கிலோ காய் வேண்டியிருக்கிறது, கூடவே கீரையும். அதனால் ஒரு விதையை ஊன்றும்முன் நான் இரண்டு கேள்வி கேட்பேன். இது தட்டை நிரப்புகிற அளவுக்குக் காய்க்குமா? ஒரே வாரத்தில் கொட்டிவிட்டு ஓயாமல், விட்டுவிட்டுப் பறிக்கக் கொடுக்குமா?

எங்கள் வீடு மதுரையில். கான்கிரீட் மொட்டைமாடி, உப்புத்தன்மையுள்ள போர் தண்ணீர். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருப்பதால்தான் இந்த உணவுமுறைக்கே வந்தோம்.

காய்களைத் தேர்ந்தெடுக்கக் கணக்கு எளிதுதான். நூறு கிராம் சோற்றில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. அதே எடை சுரைக்காய், வெள்ளரி, தக்காளியில் 4 கிராமை ஒட்டித்தான் இருக்கும். கத்தரியில் 6, வெண்டையில் 7 என்று வந்தாலும், அவற்றில் 3 கிராம் அளவுக்கு நார்ச்சத்தாகவே போய்விடும். கேரட்டும் பீட்ரூட்டும் 10 கிராம் பக்கம். உருளை 17, சர்க்கரைவள்ளி 20, மரவள்ளியோ 38. கிழங்குகளுக்கு எங்கள் மாடியில் இடமில்லை. கேரட் ஆசைக்குக் கடையில் இரண்டு வாங்கிக்கொள்வேன்.

இத்தனை நாளில் எனக்கு அதிகம் கைகொடுத்தது கீரைதான். அகலமான, ஒரு சாண் ஆழமுள்ள பைகளே போதும். அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் கிள்ளிக் கிள்ளி எடுத்தால் மாதக்கணக்கில் துளிர்க்கும். சிறுகீரை அப்படியில்லை, மூன்று நான்கு வாரத்தில் பிடுங்கிவிட வேண்டும். ஆகவே ஒரு பை விதைத்துப் பத்து நாள் கழித்து அடுத்த பை, அதற்குப் பத்து நாள் கழித்து இன்னொன்று என்று தள்ளித் தள்ளி விதைக்கிறேன். விதை பொடியாக இருப்பதால் மணலோடு கலந்து தூவினால்தான் நெருக்கமில்லாமல் முளைக்கும். பொன்னாங்கண்ணிக்கும் பசலைக்கொடிக்கும் விதைகூடத் தேடவேண்டாம், தண்டை ஒடித்து நட்டாலே வந்துவிடும். மணத்தக்காளி பறவை எச்சத்தில் தானாக முளைத்தது, அதை அப்படியே விட்டுவிட்டேன். வாசல் பக்கம் தரையில் பெரியகுளம் பி.கே.எம்.1 ரக முருங்கை ஒன்று நிற்கிறது. காயைவிட அதன் கீரைக்குத்தான் எங்கள் வீட்டில் மதிப்பு. முட்டையோடு சேர்த்து வதக்கினால் காலை உணவே முடிந்தது.

அடுத்தது பந்தல். இதற்கு ஈடான யோசனை எனக்கு இன்றுவரை தோன்றவில்லை. சுரை, பீர்க்கை, புடலை, பாகல் எல்லாமே மாவுச்சத்து குறைந்தவை, எடையும் தருபவை. பந்தலின் நிழலே கீழிருக்கும் கீரைப் பைகளைக் கத்திரி வெயிலிலிருந்து காப்பாற்றுகிறது. மாடிக்குக் கோ 2 என்ற குட்டைப் புடலை ரகம் வசதி. நீட்டுப் புடலைக்கு நுனியில் கல் கட்டித் தொங்கவிடும் உயரம் எல்லோர் வீட்டுப் பந்தலிலும் இருக்காது.

பூக்கிறது, பிஞ்சு வெம்பி உதிர்கிறது என்று பலர் கேட்கிறார்கள். மாடிக்கு வண்டு, தேனீ வரத்துக் குறைவு என்பது பெரும்பாலும் காரணம். பாகல் காலையில் மலரும். சுரையும் பீர்க்கையும் சாயங்காலம்தான் விரியும், புடலை இருட்டிய பிறகு. காலையில் எழுந்து சுரைப்பூவைத் தேடினால் அது வாடிக் கிடக்கும். பொழுது சாயும் நேரத்தில் ஆண் பூவைப் பறித்து, அடியில் பிஞ்சு உள்ள பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவிவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. பழ ஈக்கு மருந்து எதுவும் அடிப்பதில்லை. பிஞ்சிலேயே செய்தித்தாளைக் குழல்போல் சுற்றிவிடுகிறேன், கொடிக்குப் பக்கத்தில் ஆண் ஈக்களை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி தொங்குகிறது.

இந்த உணவுமுறையில் சோற்றுக்குப் பதில் காலிபிளவரைத் துருவிச் சாப்பிடுவது வழக்கம். அதனால் எல்லோரும் முதலில் அதைத்தான் நடப் பார்க்கிறார்கள். குளிரை விரும்பும் செடி அது. சமவெளிச் சூட்டில் ஒரு பை முழுக்க மாதக்கணக்கில் இடத்தை அடைத்துக்கொண்டு, கடைசியில் ஒரே ஒரு பூ தரும், அதுவும் சிறுத்து. மதுரை மாதிரி ஊரில் அது வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. இளஞ்சுரைக்காயைத் துருவிப் பிழிந்து, கடுகு, பெருங்காயம், தயிர் சேர்த்தால் தயிர்சாதம் சாப்பிட்ட நிறைவு வருகிறது. சோறு இல்லாமல் கை நனைக்காத என் மாமியாரே, "இதுல இன்னும் ரெண்டு கரண்டி வையி" என்று கேட்டுச் சாப்பிட்டார். குடைமிளகாயும் எனக்குச் சரிப்படவில்லை.

கத்தரி, வெண்டை, கொத்தவரை மூன்றும் நடுத்தரம். கொத்தவரை வெயிலைத் தாங்கும், ஆனால் முற்றவிட்டால் நார்தான் மிஞ்சும். வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் என்ற இலை மஞ்சளாகும் நோய் வந்த செடியைத் தயங்காமல் பிடுங்கிவிட வேண்டும். அதைப் பரப்புவது வெள்ளை ஈ. நான் வாரம் ஒருமுறை வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கிறேன்.

மண்கலவை செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் சமபங்கு, ஒரு பைக்கு இரண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. நார்க்கழிவை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்துதான் போடவேண்டும், அதிலும் உப்பு உண்டு. போர் தண்ணீரால் பையின் மேல் வெள்ளை படியும்போது அடிவழியே வடியும் அளவுக்கு மழைத்தண்ணீர் ஊற்றுவேன். ஐப்பசி, கார்த்திகை மழையே பாதி உப்பைக் கழுவிவிடும்.

தோட்டத்தைவிட முக்கியமான ஒன்று. சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சோற்றைக் குறைக்க வேண்டாம். மாத்திரை அளவு அப்படியே இருந்தால் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கீரை, தக்காளி விஷயத்தில் பொட்டாசியம் பற்றிக் கேட்டுக்கொள்வது அவசியம். சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கும் சில கீரைகள் ஒத்துக்கொள்ளாது.

புதிதாகத் தொடங்குகிறவர் ஆடிப்பட்டத்தில் நான்கு கீரைப் பையும், ஒரு சுரை, ஒரு பீர்க்கையும், ஒரு கோவைக்காய்க் கொடியும் வைத்தால் போதும். கோவைக்காயைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன், தண்டு நட்டால் வருடக்கணக்கில் நிற்கும், கவாத்து செய்தால், அதாவது கிளைகளை வெட்டிவிட்டால், மறுபடி தழையும். எங்கள் பந்தலில் வேறு எதுவும் காய்க்காத வாரத்திலும் அதில் ஒரு பொரியலுக்குக் கிடைத்துவிடுகிறது.