மிலானிலிருந்து பாரிஸ்: இரவுப் பேருந்தா, மலிவு விமானமா?

மிலானில் படிக்க வந்த தம்பி தங்கைகள் பலரும் என்னிடம் கேட்பது இதுதான்.

செலவு: விமான டிக்கெட் 20 யூரோ என்று காட்டினால் உடனே நம்பிவிடாதீர்கள். மலிவு விமானம் ஏறும் பெர்கமோ விமான நிலையம் மிலானிலிருந்து சுமார் 50 கி.மீ.; இறங்கும் போவே (Beauvais) விமான நிலையம் பாரிஸிலிருந்து சுமார் 85 கி.மீ. இரண்டு பக்கமும் பஸ் கட்டணம் தனி. இரவுப் பேருந்து பாரிஸ் நகருக்குள்ளேயே, பெர்சி (Bercy) பேருந்து நிலையத்தில் இறக்கிவிடும். ஓர் இரவு ஹாஸ்டல் வாடகையும் மிச்சம்.

பை: விமானத்தில் இருக்கைக்கு அடியில் நுழையும் சின்னப் பைக்குத்தான் காசில்லை. பேருந்தில் பெரிய பெட்டியும் ஏறும்.

நேரம்: பறப்பது ஒன்றரை மணி நேரம், வாசலுக்கு வாசல் ஆறேழு மணி நேரம். பேருந்தில் பன்னிரண்டுக்கும் மேல்.

உடம்பு: இதில் பேருந்து தோற்கிறது. கண்ணயரும் நேரம் பார்த்து எல்லையில் போலீஸ் ஏறி, டார்ச் அடித்துப் பாஸ்போர்ட் கேட்கும். இத்தாலியில் தங்க அனுமதிக்கும் குடியிருப்பு அட்டையும் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.

இரண்டே நாள் விடுமுறை, முதுகுப் பை ஒன்றுதான் என்றால் விமானம். நான்கைந்து நாள், பெட்டியோடு பயணம், கடைசி நேர முடிவு என்றால் கண்ணை மூடிக்கொண்டு பேருந்து. கழுத்துத் தலையணை மட்டும் மறக்காதீர்கள்.