வயதான பச்சோந்திக்குத் தண்ணீர்: சொட்டு பாட்டிலா, மிஸ்டிங் செட்டா?

பச்சோந்திக்கு வயதாகி, கால்பிடி தளர்ந்து, நாக்கு குறி தப்பத் தொடங்கினால் நம்மில் பலர் தீனியைப் பற்றித்தான் முதலில் கவலைப்படுகிறோம். எந்தப் பூச்சி, எத்தனை, எந்தக் கால்சியம் தூள் என்று. என்னைக் கேட்டால் முதலில் தண்ணீரைக் கவனியுங்கள் என்பேன். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் நான் வளர்க்கும் பச்சோந்தியின் பெயர் ராஜா. ஏமன் பச்சோந்தி இனம், ஆண், ஆறு வயதைத் தாண்டியவன். இந்த இனத்து ஆண்கள் நல்ல பராமரிப்பில் 5 முதல் 8 ஆண்டுவரை இருப்பார்கள். அந்தக் கணக்கில் அவன் தாத்தா. இளமையில் அவனுக்கு, பம்ப் வைத்துக் கூண்டுக்குள் தூறலாகத் தெளிக்கும் மிஸ்டிங் செட் வைத்திருந்தேன். உடம்பு இறங்கிய பிறகு, இலைமேல் துளித்துளியாக விழவிடும் சொட்டு பாட்டிலுக்கு மாறினேன். இரண்டையும் கையாண்ட பிறகு, முதிய பச்சோந்திக்குச் சொட்டு பாட்டில்தான் என்பது என் முடிவு. மிஸ்டிங் செட்டுக்கும் உரிய இடம் உண்டு, அதையும் சொல்கிறேன்.

பச்சோந்தி பெரும்பாலும் கிண்ணத்துத் தண்ணீரைத் தொடாது, இலையில் நிற்கும் துளியைத்தான் குடிக்கும் என்பது வளர்க்கிற எல்லாருக்கும் தெரிந்ததே. முதுமையில் இந்தப் பழக்கம் உயிர்ப் பிரச்சினை ஆவதற்குக் காரணம் சிறுநீரகம். பச்சோந்தி உடம்புக் கழிவை யூரிக் அமிலமாக வெளியேற்றுகிறது. எச்சத்தோடு வரும் வெள்ளைக் கட்டி அதுதான். உடம்பில் நீர் குறைந்தால் அது முழுதாக வெளியேறாமல் படிகமாகி, சிறுநீரகத்திலும் மூட்டுகளிலும் படிந்துவிடுகிறது. மனிதருக்கு வரும் அதே கவுட். கூண்டில் வளரும் பச்சோந்திகளை அடிக்கடி பிடிக்கும் நோய் இது. மூட்டு வீங்கினால் ஏற முடியாது. ஏற முடியாவிட்டால் ஈர இலைக்குப் போக முடியாது. குடிக்காமல் உடம்பு மேலும் காயும். ஒரு தடவை இந்தச் சுழலுக்குள் போன கிழட்டுப் பிராணியை மீட்பது மிகக் கடினம். அதனால்தான் தண்ணீர் கொடுக்கும் முறைக்கு இத்தனை முக்கியத்துவம் தருகிறேன்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுவோம். விலையில் ஒப்பீடே இல்லை: பம்ப், நாசில், டைமர் எல்லாம் சேர்ந்த மிஸ்டிங் செட் சில நூறு வெள்ளி (ரிங்கிட்) ஆகும். சொட்டுக்கு ஒரு காலி பாட்டிலும், மருந்துக் கடையில் கிடைக்கும் டிரிப் செட்டும் (நோயாளிக்குத் திரவம் ஏற்றும் குழாய்) போதும், பத்து வெள்ளிக்குள் அடங்கிவிடும். பம்ப் கரகரக்கும், சொட்டு சத்தம் போடாது. மாலை இடிமழையில் கரண்டு போனால் பம்ப் நிற்கும், சொட்டு நிற்காது. நீர்த்தடை அறிவிப்பு வந்தாலும் அரை லிட்டர் எடுத்துவைத்தால் அன்றைய பாடு தீர்ந்தது. ஆனால் இவற்றுக்காக மட்டும் நான் மாறியிருக்க மாட்டேன்.

மாறியதற்குக் காரணம் நேரம். வயதான பச்சோந்தி குடிக்க ஆரம்பிப்பதற்கே நேரம் எடுத்துக்கொள்கிறது. காலையில் விளக்கு எரிந்து உடம்பு சூடானதும் சொட்டைத் திறந்துவிடுவேன். துளி செம்பருத்தி இலையின் நடு நரம்பில் விழுந்து, நுனிவரை வழிந்து, அங்கே ஒரு கணம் தொங்கிவிட்டு அடுத்த இலைக்கு இறங்கும். ராஜா முதலில் அந்தப் பக்கத்துக் கண்ணை மட்டும் திருப்புவான். உடம்பு அசையாது. ஏறக்குறைய கால் மணி நேரம் அப்படியே போகும். பிறகு ஒரு முன்னங்கால் நகரும், நிற்கும். இலையை எட்டியதும் கீழ்த்தாடை லேசாகப் பிளந்து ஒரு துளியை வாங்கும், தலை மெல்ல நிமிரும், தொண்டை ஏறி இறங்கும். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் ஓய்வெடுப்பான். அதன்பிறகு அடுத்த துளி. இப்படியே வெகுநேரம் குடிப்பான்.

மிஸ்டிங் செட்டை வழக்கமாக எப்படி வைக்கிறோம்? ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஒரு நாளைக்குச் சில முறை. இளம் பச்சோந்திக்கு அது போதும். முதல் தூறல் பட்டவுடன் ஓடிவந்து நக்கும். கிழவன் கண்ணைத் திருப்பி, யோசித்து, காலை எடுத்து வைப்பதற்குள் பம்ப் நின்றுவிடும். இலையில் மிச்சம் இருக்கும் துளிகளும் சீக்கிரம் வழிந்துபோகும். கூண்டு முழுக்க நனைந்திருக்கும், அவன் வாய்க்குள் போனது மிகக் கொஞ்சம். கூண்டு நனைந்திருப்பதைப் பார்த்து நாமும் நிம்மதியாக வேலைக்குப் போய்விடுவோம். தண்ணீர் கொடுத்தோம் என்பதற்கும் அவன் குடித்தான் என்பதற்கும் உள்ள இந்த இடைவெளிதான் முதுமையில் ஆளைக் கொல்வது.

டைமரில் நேரத்தைக் கூட்டினால் போதாதா என்று கேட்கலாம். கூட்டலாம்தான். ஆனால் நாம் இருப்பது கோலாலம்பூரில். விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொடுவது இங்கே சாதாரணம். மழைநாளில் பகலிலும் பெரிதாக இறங்காது. கால் மணி, அரை மணி என்று தூறலை ஓட்டினால் கூண்டு காயவே காயாது. ஈரமும் தேங்கிய காற்றும் சேர்ந்தால் மூச்சுக்குழாய்த் தொற்று வரும், பாதத்தில் புண் வரும். எதிர்ப்பு சக்தி குறைந்த முதிய உடம்பு அதைத் தாங்காது. சொட்டு ஒரு கிளையை மட்டும் நனைக்கிறது. கூண்டின் மற்ற பக்கம் உலர்ந்தே இருக்கிறது. நனைய வேண்டுமா, விலகி இருக்க வேண்டுமா என்பதை அவனே தீர்மானித்துக்கொள்கிறான்.

கணக்கும் எளிது. மருந்துக் கடையில் கிடைக்கும் சாதாரண டிரிப் செட்டில் ஏறக்குறைய 20 துளி ஒரு மில்லி. விநாடிக்கு ஒரு துளி என்று, வேகத்தைக் கட்டுப்படுத்தும் உருளையைத் திருகி வைத்தால் நிமிடத்துக்கு 3 மில்லி, மணிக்கு 180 மில்லி. 500 மில்லி பாட்டில் இரண்டே முக்கால் மணி நேரம் ஓடும். எவ்வளவு தாமதமாக ஆரம்பித்தாலும் துளி அவனுக்காகக் காத்திருக்கும்.

இதில் இன்னொரு நன்மை, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க முடிகிறது. நான் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவன். காலையில் பல நாள் அம்மாதான் சொட்டைத் திறப்பார். அலைபேசி அடிக்கும். "ஐயா, ராஜா இப்பதான் வாயைத் தொறந்தான். இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும் லா." டைமரில் இருக்கும் பொத்தான்கள் அம்மாவுக்குப் பிடிபடவில்லை. டிரிப் செட்டின் உருளையைத் திருகுவது அவருக்கு ஒரு நாளில் கைவந்துவிட்டது. எத்தனை மில்லி உள்ளே போனது என்று சொல்ல முடியாது, பாதிக்கு மேல் கீழ்த்தட்டில்தான் விழுகிறது. ஆனால் எவ்வளவு நேரம் குடித்தான் என்பது தெரியும், அதை நாட்காட்டியில் குறித்துவைக்கிறார். குடிப்பது குறைந்தாலும் கவனிக்க வேண்டும். திடீரென்று வழக்கத்தைவிட மிக அதிகமாகக் குடித்தாலும் கவனிக்க வேண்டும், சிறுநீரகம் தோற்றுக்கொண்டிருப்பதன் அடையாளம் அப்படியும் வரலாம். டைமரில் ஓடும் பம்ப் இந்த இரண்டையும் நமக்குச் சொல்லாது.

பராமரிப்பில் ஒரு விஷயம் நம் ஊருக்கே உரியது. மிஸ்டிங் செட்டுக்கு இரண்டு இடத்தில் தண்ணீர் நிற்கிறது: பம்ப் தொட்டியில், கூண்டுக்கு அடியில் உள்ள வடிகால் வாளியில். நம் வெப்பத்தில் தொட்டிச் சுவர் சீக்கிரமே வழுவழுக்கத் தொடங்கும். அந்த வழுவழுப்பில் வளரும் கிருமிகளைத்தான் நாசில் பொடித்து, பச்சோந்தி மூச்சிழுக்கும் காற்றில் தூவுகிறது. வாளியின் கதை வேறு. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரத்திலிருந்து பத்து நாள் போதும். வாளியை மறந்துபோனால் வீட்டுக்குள்ளேயே டிங்கிப் பண்ணை வைத்த மாதிரி. நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம் 1975இன்படி வீட்டில் கொசுப்புழு இருந்தால் அபராதம் உண்டு, சுகாதார அதிகாரிகள் அடுக்குமாடிக்கும் சோதனைக்கு வரலாம். சொட்டுக்கு ஒரு தட்டு போதும், அன்றாடம் ஊற்றிவிட்டுக் கழுவிக் கவிழ்த்துவிடலாம். பாட்டிலையும் அப்படியே. குழாயின் உள்பக்கத்தைத் தேய்க்க முடியாது, அதனால் அதைச் சுத்தம் செய்து பாடுபடாமல் அவ்வப்போது புதிதாக மாற்றிவிடுகிறேன்.

ஃபாகர் என்ற புகைமூட்டக் கருவியையும் சிலர் பரிந்துரைப்பார்கள். குளிர்ந்த இரவுகள் உள்ள நாடுகளில் அதற்கு அர்த்தம் உண்டு. இங்கே இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே பெரிதாக இறங்காது. வெதுவெதுப்பான மூட்டத்துக்குள் ஒரு கிழட்டுப் பச்சோந்தியைத் தூங்கவைக்க நான் துணிய மாட்டேன். இரவு முழுக்க ஏர்கான் ஓடும் அறை என்றால் காற்று காய்ந்துவிடும், அங்கே கணக்கு மாறலாம். எங்கள் வீட்டில் ராஜா இருப்பது விசிறி ஓடும் கூடம். ஏர்கான் அறையில் வைத்து வளர்த்த அனுபவம் எனக்கு இல்லை.

ஊசி இல்லாத சிரிஞ்சில் வாய்க்குள் ஊற்றுவது மூன்றாவது வழி. மிகத் தளர்ந்த பிராணிக்கு அது தேவைப்படலாம். ஆனால் மூச்சுக்குழலின் வாய் நாக்குக்கு அருகிலேயே திறந்திருக்கிறது. அவசரமாகப் பீய்ச்சினால் தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். மருத்துவர் ஒரு தடவை செய்துகாட்டி, வாயின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட நம் கை பழகிய பிறகே அதில் இறங்க வேண்டும். பிடித்து வாயைத் திறப்பதே அதற்குப் பெரிய அச்சம். தானாகக் குடிக்கும் வரை குடிக்க விடுவதே மரியாதை என்று நினைக்கிறேன்.

மிஸ்டிங் செட் எங்கே வெல்கிறது? முதலாவது, கண். தூறலில் பச்சோந்தி கண்ணைப் புடைத்து உருட்டித் தூசியை வெளியே தள்ளும். சொட்டில் அது நடக்காது. அதனால் காலையில் சொட்டைத் திறக்குமுன் கைத்தெளிப்பானில் வெதுவெதுப்பான தண்ணீரை அவன் தலைக்கு மேலே மெல்லத் தூவுகிறேன், முகத்துக்கு நேராக அடிப்பதில்லை. இரண்டாவது, பகல் முழுக்க ஆளில்லாத வீடு. சொட்டுக்குத் திறக்கவும் மூடவும் ஒரு கை வேண்டும். தைப்பூசத்துக்குப் பினாங்குக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்களுக்கு டைமர் பெரிய உதவி. மூன்றாவது, இனம். நான் சொல்வதெல்லாம் ஏமன் பச்சோந்தியை வைத்து. அது ஏமனிலும் சவுதியின் தென்மேற்கிலும் வாழ்வது, கொஞ்சம் வறட்சியைத் தாங்கும். மடகாஸ்கர் மழைக்காடுகளிலிருந்து வந்த பாந்தர் பச்சோந்தியை முதுமைவரை நான் வளர்த்ததில்லை. செந்தூலிலேயே பாந்தர் வளர்க்கும் நண்பர் ஒருவர் சொட்டு, தூறல் இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறார், அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

சொட்டுக்கு மாறுகிறவர்கள் இலையைத் தாழ்த்துங்கள். உச்சிக் கிளையில் சொட்டு வைத்தால் அவன் ஏற முயன்று விழுவான். ராஜாவின் கூண்டில் கிளைகள் எல்லாம் இப்போது கிடைமட்டம், சொரசொரப்பான கொய்யாக் கிளை, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள். அவன் தூங்கும் கிளையிலிருந்து நாலு அடி எடுத்துவைத்தால் சொட்டு. செம்பருத்தியைச் சின்னத் தொட்டியோடு உள்ளே வைத்திருக்கிறேன், மருந்து அடிக்காத செடி. ஏமன் பச்சோந்தி இலையையும் பூவையும் தின்னும், ஈர இலையோடு கொஞ்சம் தண்ணீரும் உள்ளே போகும். தீனியாகும் செங்கெரிக் (சில்வண்டு) பூச்சிகளுக்கும் முதல் நாளே பூசணியும் கீரையும் கொடுத்துவிடுங்கள், பூச்சியின் வயிற்றில் உள்ள ஈரமும் அவனுக்குச் சேரும்.

இவ்வளவு செய்தும் போதவில்லை என்பதை எச்சம் சொல்லிவிடும். கட்டி வெள்ளையாக இருந்தால் நல்லது. நுனியில் லேசான மஞ்சள் பரவாயில்லை. முழுக்க ஆரஞ்சு நிறமாகி மணல்போல் உதிர்ந்தாலோ, கண் குழிந்தாலோ, பகலில் கண்ணை மூடியே கிடந்தாலோ பாட்டிலை நம்பி இருக்காதீர்கள். ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் போங்கள், செர்டாங்கில் யுபிஎம் (புத்ரா மலேசியா பல்கலைக்கழகம்) கால்நடை மருத்துவமனையும் இருக்கிறது. தோலுக்கு அடியில் திரவம் ஏற்றுவது, இரத்தத்தில் யூரிக் அமிலம் பார்ப்பது எல்லாம் அங்கே நடக்க வேண்டிய வேலை. போகும்போது அன்றைய எச்சத்தை ஒரு சின்ன டப்பாவிலும், அம்மா குறித்துவைப்பதுபோல் குடித்த நேரக் குறிப்பைக் கையிலும் எடுத்துப் போங்கள். மருத்துவருக்கு அந்த இரண்டும் உதவும்.