சோலர் சுடுதண்ணி பூட்டப் போகிறவர்கள் கவனம்: கிணற்றைப் பற்றிக் கேட்காதவரிடம் வாங்காதீர்கள்

யாழ்ப்பாணத்தில் சோலர் சுடுதண்ணி பூட்ட யோசிக்கிறவர்கள் தயவுசெய்து இதை வாசித்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

அம்மாவுக்கு மூட்டுவலி, தங்கச்சிக்குக் கைக்குழந்தை, மார்கழி தையில் விடியக் குளிக்கச் சுடுதண்ணி இல்லாமல் முடியாது, 2022இல் கரண்ட் கட்டணம் ஏறிய பிறகு ஹீட்டரைப் போடவே பயம். கனடாவிலிருந்து சித்தப்பா காசு அனுப்ப, கண்ணாடி ரியூப் வைத்த 200 லீட்டர் செற் ஒன்றைப் பூட்டினோம்.

விற்க வந்தவர் கூரையைப் பார்த்தார், எத்தனை பேர் குளிப்பது என்று கேட்டார், கிணற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை. அம்மாதான் கேட்டார், "தம்பி, எங்கட தண்ணி கேத்திலிலயே கல்லுப் பிடிக்கும், இதுக்கு ஒண்டும் செய்யாதோ?" "ஒரு பிரச்சினையும் இல்லையம்மா, நுவரெலியாவில எத்தனை வீட்டுக்குப் பூட்டியிருக்கிறம்." மலைநாட்டுத் தண்ணீர் மென்மையானது, வலிகாமத்தில் நாங்கள் இறைப்பது சுண்ணாம்புக் கல்லுக்குள் கிடக்கிற தண்ணீர். அதைச் சூடாக்கினால் கரைந்திருக்கும் சுண்ணாம்பு பிரிந்து படியும், சூடு கூடக் கூட இன்னும் படியும். இந்த செற்றில் மோட்டர் கிடையாது. சூடான தண்ணீர் தானாகவே மேலே தாங்கிக்கு ஏற, குளிர்ந்தது ரியூப்புக்கு இறங்கும். கிணற்றுத் தண்ணீர் நேராக அதற்குள்ளேயே போய்வருவதால் படிகிறதெல்லாம் அங்கேயே தங்குகிறது.

முதல் வருடம் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த மாரிக்கு முன்னமே, நல்ல வெயிலிலும் வெதுவெதுப்புத்தான், பிறகு தாங்கியும் ஒழுகத் தொடங்கியது. போன் எடுத்தால் ஆள் கொழும்பில் நிற்கிறாராம். கடைசியில் வந்தவர் ஒரு ரியூப்பைக் கழற்றிக் கவிழ்க்க வெள்ளைச் செதிலாகக் கொட்டியது. ஐந்து வருட வாறண்டி என்று சொல்லித்தான் விற்றார்கள், அட்டையின் பின்பக்கத்தில் பொடி ஆங்கில எழுத்தில், தண்ணீரின் தன்மையால் வரும் பழுதுக்குப் பொறுப்பில்லையாம். வயதுபோன மனுசி நேருக்கு நேர் கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லி விற்றிருக்கிறார்கள், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வேண்டாம் என்று சொல்லவில்லை, எங்கள் வெயிலுக்கு நல்ல சாமான்தான். ரியூப்புக்குள் கிணற்றுத் தண்ணீர் போகாமல் சூட்டை மட்டும் தாங்கிக்குக் கடத்துகிற வகையும் இருக்கிறது, அதைக் கேளுங்கள். அதிலும் தாங்கிக்குள் கல்லுப் பிடிக்கும், யார் வந்து கழுவுவது, என்ன காசு என்று முதலே பேசுங்கள். தீவுப்பகுதி, கரையோரச் சவர்த் தண்ணி என்றால் உப்பு ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீலையும் அரிக்கும், தாங்கிக்குப் பதிலாகத் தான் அரிபடுகிற மக்னீசியக் கம்பி உள்ளே இருக்கிறதா, எப்போது மாற்றுவது என்றும் கேட்க வேண்டும். அப்புறம், கிணற்றுத் தண்ணீருக்கும் வாறண்டி உண்டு என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். நுகர்வோர் அதிகார சபைக்கு (தொலைபேசி 1977) முறைப்பாடு கொடுப்பதென்றால் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், கல்லு வெளியே தெரிய அதைவிடக் கனகாலம் எடுக்கும்.